வெற்றுக் கட்டத்தைக் காத்த மார்லீன் ஹவுசெக் அவர்களுக்கு

விண்ணில் உழைப்போரின் உறக்கத்துக்காக மண்ணில் உறக்கம் துறந்தவரே, அதிகாரத்துக்கு அடங்காதவரே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக்குரிய மார்லீன் அம்மையாரே, வணக்கம்.

ஹூஸ்டனின் இந்த விண்வெளி மையத்தில் முப்பது ஆண்டுகளாக நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுற்றுப்பாதையில் இருக்கும் விண்வெளி வீரர்களின் அன்றாட அட்டவணையில், மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் வெற்றுக் கட்டமாக இருக்க வேண்டும். ஐந்தைந்து நிமிடமாக வேலையை அடுக்கியே பழகிய திட்டப் பிரிவினருக்கோ, காலியிடத்தைக் கண்டால் கை அரிக்கும். வடிகட்டி துடை, குழாயைச் சோதி என்று எதையாவது திணிப்பார்கள். நீங்கள் அழிப்பீர்கள். மறுநாள் மறுபடியும் திணிப்பார்கள்.

ஒருமுறை, ஓய்வு எப்படி இருந்தது என்ற கேள்வித்தாளை அந்த ஓய்வு நேரத்திலேயே நிரப்பச் சொன்னார்கள். மேலே விண்கலத்திலிருந்து வீரர் வேட் டில்மன் சொன்னார்: "மார்லீன், இத எழுதி முடிக்கறதுக்குள்ள ஓய்வு நேரமே போயிடுச்சு."

அடுத்த வாரம், ஓய்வின்றி உழைத்த அதே வேட் ஆக்சிஜன் வால்வைத் தவறாகத் திருப்பினார். கலத்தில் இருந்த நால்வரும் மயிரிழையில் பிழைத்தனர். விசாரணையில் இயக்குநர் பிக்கெட் வேட்டைக் குற்றம் சாட்ட, நீங்கள் எழுந்தீர்கள்.

"தூங்க விடாம வேல வாங்கிட்டு, கை தடுமாறினா மனுஷனத் திட்டுறீங்களா சார்?"

"சும்மா உக்காரவா இவ்வளவு செலவு பண்ணி மேல அனுப்பறோம்?"

"நாளைக்குப் பயிற்சிக் கூண்டுக்குள்ள வாங்க. அவர் அட்டவணைய நீங்களே ஒருநாள் செஞ்சு பாருங்க. அப்புறம் பேசுவோம்."

வந்தார். மின்விசிறி இரைச்சலில், விண்கலம் போலவே கட்டிய அந்த இடுக்கில் முடங்கி, மாலைக்குள் தம் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். அது அவர் மூக்கில்தான் இருந்தது. பழி நீங்கி வேட் மீண்டும் பறந்தார், கட்டமும் காலியாக நின்றது. இயக்குநரை எதிர்த்ததால் உங்கள் பதவி உயர்வுதான் போயிற்று. போனால் போகட்டும் என்றீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று நீங்கள் மேசையைக் காலி செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த வார அட்டவணையில் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டார்கள். நீங்கள் போகும்வரை காத்திருக்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. இன்று காலை நாங்கள் அதை அழித்துவிட்டோம். எங்கள் ஒப்பம் இல்லாமல் எந்த அட்டவணையும் மேலே போகாது. நிரப்பிய அட்டவணைக்கு எங்களில் ஒருவரும் ஒப்பமிட மாட்டோம். இந்த விடைபெறு விருந்தின் முன்வரிசையில் பீக்கன் பருப்புப் பலகாரம் சாப்பிடும் இயக்குநர் அவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கால்வெஸ்டன் கடற்கரையில் தூண்டிலும் கையுமாக நெடுங்காலம் நலமாக வாழுங்கள் அம்மையாரே. மதியம் சாப்பிட்டதும் நிம்மதியாகத் தூங்குங்கள். கட்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இவண்,
பெயரைச் சொல்ல அஞ்சாத
வீரர் பணிநலப் பிரிவினர் அனைவரும்