டேப்பு பழுதுன்னு ஒரு துண்டு

இந்த டேப்லெட்டு பழுதுதான் ஸனூஸ் நானா, பழுதில்லாம ரெண்டு பஸ்ஸு மாறி பதுளைக்கு வருவேனா... நீங்க கடைக்குள்ள போட்டுப் பாத்துட்டு நல்லாருக்குங்கிறீங்க. கடையில எல்லாம் நல்லாத்தான் இருக்கும் ஸனூஸ் நானா. மலைக்கு வந்து பாக்கணும்.

குறும்படம் எடுக்குறோம்னு உங்ககிட்ட இந்த டேப்பு வாங்குன அன்னைக்கே சொன்னேனே... ஹாலிஎலைக்கு மேல, எங்க தோட்டத்துல. விதுஷா அக்கா டைரக்டரு. நான் மொனிட்டர் பாக்குறவன். கெமராவுல விழுகிறது டேப்புல தெரியும், சரியில்லன்னா நான் நிறுத்தச் சொல்லணும். அம்புட்டுதான் என் வேல. அக்கா லேப்டாப்புதான் வேணும்னாங்க, வயர்ல குத்திட்டா படம் நிக்காதாம். நான்தான்... ஆமா, நான்தான்... லேப்டாப்பயும் வயரையும் யாரு மலையில தூக்கிக்கிட்டுத் திரியிறது, டேப்புன்னா கெமராவோட வைஃபையிலயே படம் வந்துரும்னு நாலு நாளு சண்ட புடிச்சி வாங்க வச்சேன்.

நேத்து என்னாச்சின்னா... பெரியாயி அத்த, கொழுந்து பறிக்கிறவங்க, எங்க படத்துல அவங்கதான் அம்மா. மகன் கொழும்புக்கு வேலைக்கிப் போற சீனு. அத்த நெசமாவே அழுதாங்க. அவங்க மகனும் கொழும்புலதான... சுத்தி நின்ன சனமெல்லாம் மூக்கச் சிந்துது. கெமராக்காரன் ஷிபான், கெமராவ ஸ்டேண்டுல பூட்டிட்டு அத்தைக்கி வெயிலு படாம குடை புடிக்கப் போயிட்டான். எனக்கு டேப்புல அத்த தொறந்த வாயோட அப்பிடியே நிக்கிறாங்க. படம் நின்னுபோச்சி நானா. வரும் வரும்னு பாத்தேன், வரல. அழுகுற மனுசிய நிறுத்துங்கன்னு சொல்ல வாய் வருமா... ஓகேன்னுட்டேன். பெறகு போட்டுப் பாத்தா, அத்த நாலடி தள்ளிப் போயிருக்காங்க, படத்துல ஓரமா அவங்க முதுகுக் கூடை மட்டும் குலுங்குது. இன்னொருக்கா அழச் சொன்னா, "அழுதாச்சி தம்பி, போதும்"ங்கிறாங்க. எனக்கு அவங்க மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கு.

டேப்பு பழுதுன்னா விட்டுர்றேன், ஒன் பிழைன்னா இனி சூட்டிங்குக்கு வராதன்னு அக்கா சொல்லிட்டாங்க. அதான்... ஒரு துண்டுக் கடுதாசியில டேப்பு பழுதுன்னு எழுதி, சீல் குத்திக் குடுங்க.

என்னது... வேற யாரும் அந்த வைஃபையில ஏறுனாங்களாவா? வேற யாரு... லயத்து வீடுகள்ல இருக்கிற தோட்டத்து ஆளுங்கதான். ஒரு... நாப்பது பேரு இருக்கும். எங்க பக்கம் சிக்னல் இல்லையே நானா. கெமரா வைஃபையில பேஸ்புக் வராதுன்னா யாரு நம்புறா. மூணு நாளா டீயும் ரொட்டியும் குடுத்த சனம், பாஸ்வேர்ட் என்ன தம்பின்னு வாசலுக்கு வாசல் கேக்குது. மாட்டேன்னு சொல்லலாமா? ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல. விடிய ஆளுங்க பேர் குடுக்கக் கூடுற பெரட்டுக்களத்துல ஒரு போர்டு இருக்கும், காலையில யாருக்கு எந்த மலையில வேலன்னு எழுதுறது. அதுல பெருசா எழுதி வச்சிட்டேன்.

சிரிக்காதீங்க. அத்தன பேரு ஏறுனதாலதான் படம் நின்னுச்சிங்கிறீங்களா... சீல் கட்டைய ஏன் உள்ள வைக்கிறீங்க... சரி, துண்டு வேணாம். ஹாலிஎலைக்கி அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கி? நாளைக்கி விடிய சூட்டிங்கே பெரட்டுக்களத்துலதான், அக்கா வர்றதுக்குள்ள போர்ட அழிக்கணும். நோட்டீஸுன்னா மொறையா இருக்கணும்னு கீழ "இப்படிக்கு, ஜெயரூபன்"னு வேற போட்டுத் தொலைச்சிருக்கேன்.