நடுவில் நிற்கிறவன்

திருவொற்றியூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் துறைமுகத் தொழிலாளிகள் இருவர். ஒருவர் கப்பலில் சுமை தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். வாரப் பத்திரிகை வைத்திருந்தவர், கப்பலின் மேல்தட்டில் நின்று ‘ஏற்று, இறக்கு, நிறுத்து’ என்று அவருக்குக் கை காட்டுகிறவர்.

“அந்த உளவாளி செவ்வாய் கிரகத்துக்காரனுக்கும் உளவு சொன்னான், பூமிக்காரனுக்கும் உளவு சொன்னான். ஏன்னு தொடர்கதை கடைசி வாரத்துல போட்டுகீறான் மாமு,” என்றார் கை காட்டுகிறவர்.

“இதுல இன்னா கீது? எவன் ஜெயிச்சாலும் தப்பிச்சுக்கலாம்னு பார்த்திருப்பான்.”

“போன வாரமே நான் இன்னா சொன்னேன்? கப்பல் வயித்துல மூட்டை கட்றவன் உன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவனுக்கு நீ தெரியமாட்டே. ரெண்டு பேரையும் பார்க்கறவன் நடுவுல நிக்கற நான்தான். அந்தாளும் அப்டித்தான்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னே. சும்மா கைய ஆட்டிகினு நிக்கறவன் பேச்சைப் பாருன்னு நானும் சொன்னேன்.”

“இப்ப கேளு.” எழுத்தெழுத்தாகப் படித்தார். “‘உங்களுக்கு அவர்களைத் தெரியவில்லை. அவர்களுக்கு உங்களைத் தெரியவில்லை. இருவரையும் பார்த்தவன் நான் ஒருவனே. யாரும் நசுங்கக் கூடாதென்றுதான் இரண்டு பக்கமும் சொன்னேன்.’ சண்டை நின்னுபோச்சு மாமு.”

விஞ்சுக்காரர் பத்திரிகையை வாங்கி, அந்த வரிகளைத் தாமே ஒருமுறை படித்தார்.

“எழுதினவன் ஹார்பர்ல வேலை செஞ்சவனா?”

“தெரியாது. என்னாண்ட கேட்டிருந்தான்னா மொத வாரமே சொல்லியிருப்பேன்.”

தேரடியில் விஞ்சுக்காரர் இறங்கினார். மற்றவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார். நிறுத்து என்று அர்த்தம் போலிருக்கிறது. பஸ் கிளம்பி, அந்தக் கை கீழே இறங்கும்வரை விஞ்சுக்காரர் ரோட்டில் அசையாமல் நின்றார்.