ஒரு தேக்கரண்டித் தொக்கு

எனக்குக் குடைமிளகாய் சுடப் பிடிக்கும். ஒவ்வொரு செப்டம்பரிலும் பால்கனியில் உட்கார்ந்து சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு வதக்கி, நாற்பது பாட்டில் தொக்கு போட்டுவிடுவேன். பல்கேரியாவில் எங்கள் பிளாவ்திவ் நகரத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆனால் ரொட்டியும் தொக்கும்தான்.

நீங்கள் கேட்பது கடைத் தொக்கில் சேர்க்கிற சிவப்புச் சாயத்தைப் பற்றி. விசாரிப்பது உங்கள் வேலை, விவரமாகவே சொல்கிறேன். உணவில் எதை எவ்வளவு சேர்க்கலாம் என்று அனுமதிக்கும் குழுவுக்குப் பதினோரு வருடம் நான் தலைவர். எலிகளுக்குக் கெடுதல் செய்யாத அளவை எடுப்போம், நூறால் வகுப்போம், மனிதர்கள் தினம் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம். தொக்கு ஆலைக்காரர்கள் கொடுத்த ஆய்வில் ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி என்று இருந்தது. உணவகத்தில் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் பெரியவர்களைக் கேட்டு எழுதியது.

குழுவில் இருந்த ரூமியானா விடவில்லை. "சார், நம்ம பிள்ளைங்க தேக்கரண்டியிலயா திங்குதுங்க? ரொட்டி மேல அப்பி அப்பித் திங்குதுங்க. சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும்?"

"அது எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா தாள்ல இருக்கா?" என்றேன்.

தாளில் இல்லை. லட்சம் பேரில் ஒருவருக்குக் கெடுதல் என்றால் ஏற்கலாம் என்பது எங்கள் விதி. தேக்கரண்டி அளவுக்கு அதுகூட வரவில்லை. புதிய ஆய்வு கேட்டால் இரண்டு வருடம் இழுக்கும், ஆலை மூடினால் ஊரே என்னைத் திட்டும். கையெழுத்துப் போட்டேன்.

எதிர்வீட்டுப் பிலியானா கேலி செய்வாள். "ஏண்ணே, இந்த வயசுல அடுப்போட மல்லுக்கட்டுறீங்க? நீங்க கையெழுத்துப் போட்ட சரக்கே கடையில கிடக்குதே. நம்பித்தானே நாங்க வாங்குறோம்?" சிரித்துக்கொள்வேன். அவள் மகள் நெவேனாவுக்கு ஆறு வயது. இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளைக்கு ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். எனக்கு வருத்தம்தான்.

கெடுதல் என்று எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். நான் கையெழுத்துப் போட்ட சரக்கு கடைக்கு வந்த அதே வாரம், மாடிப்படியில் நெவேனாவும் என் பேத்தி யானாவும் ரொட்டியை மாற்றிக்கொண்டார்கள். யானா கடிப்பதற்குள் அவள் கையில் இருந்த கடைத் தொக்கு ரொட்டியைப் பிடுங்கிவிட்டேன். அதை நெவேனாவிடமே திருப்பிக் கொடுத்தேன். அவளும் சமர்த்தாக முழுவதையும் தின்றாள். அடுத்த பிள்ளையின் பண்டத்தை வாங்கித் தின்னக் கூடாது என்று பேத்திக்கு நல்ல பழக்கம் சொல்லித்தர வேண்டாமா?