மிச்சம் வைத்த ஒரு பங்கு

"ஹலோ... அம்மா? ... கேக்குதா? ... கேக்குது, கேக்குது, கத்தாதே. ... சாப்பிட்டேன். ... ஆமா, கடையிலதான், பின்னாடி ரூம்ல. ... அம்மா, அந்தக் கதையெல்லாம் அப்புறம். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. வாண்டுவோட போன் எங்க இருக்கு?"

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறை அது. லென்ஸ் தீட்டும் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அம்மாவின் பங்குக் கணக்கு திறந்து கிடந்தது. கணக்கு அம்மா பெயரில். பணமும் அம்மாவுடையது, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்தது. பதிவு செய்த போன் நம்பர் மட்டும் தம்பி வாண்டுவுடையது. அம்மாவுக்கு எதற்குத் தொல்லை என்று, கணக்கைத் திறந்த அன்றைக்கு அவனே தன் நம்பரைக் கொடுத்துவிட்டான். போன வருஷம் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. இப்போது எதை விற்பதானாலும், விற்க அனுமதி தரும் எண் செத்துப்போனவன் போனுக்குத்தான் போகும்.

"போன்மா, போன். ... டிராயர்ல. சரி, அதை எடுத்து சார்ஜ் போடு. சிம் எப்பவோ செத்திருக்கும், அதுக்கு நான் வேற வழி... ... என்னது? ... சார்ஜ் இருக்கா? எப்படிம்மா இருக்கும், வருஷம் ஒண்ணு ஆச்சு... ... நீயா? ... மாசாமாசம் ரீசார்ஜ் வேற பண்றியா?"

காய்க்கு நாலு காசு கூடக் கேட்டால் கடையை விட்டே இறங்கிவிடுகிற அம்மா.

"இல்ல, இல்ல, திட்டலை. நல்லதாப் போச்சு. ... இப்பக் கவனமாக் கேளு. அவன் பங்கு வாங்கிப் போட்ட கம்பெனி முழுகிட்டு இருக்கு. கடனைக் கட்ட முடியலையாம். ஒரு வாரமா விக்கத்தான் ஆள் இருந்தாங்க, வாங்க ஒருத்தர் இல்ல. இன்னிக்குத்தான் யாரோ ஒரு புண்ணியவான் வாங்கறான். மார்க்கெட் மூடறதுக்குள்ள தள்ளிடணும். ... எல்லாத்தையும்தான். ... நஷ்டம்தான்மா, பாதிகூடத் தேறாது. இன்னிக்கு விட்டா அதுவும் இல்ல.

"... இரும்மா, இரு, நான் முடிச்சுக்கறேன். வர்ற காசுல ஒரு வருஷ வாடகை, மருந்துச் செலவு, அதைத் தனியா பேங்க்ல போட்டுடுவோம். அதுல கையே வைக்கக் கூடாது. மிச்சத்துல பாதி டெபாசிட். கொஞ்சம் தங்கம். கொஞ்சமே கொஞ்சம், பல கம்பெனியும் சேர்ந்த ஃபண்ட்ல. ஒண்ணு கவுந்தாலும் இன்னொண்ணு தாங்கும். ... ஊரு உலகமே ஆட்டம் கண்டு கிடக்கு, நாளைக்கு என்ன ஆகும்னு எவனுக்கும் தெரியலை, அதனாலதான் சொல்றேன். மொத்தத்தையும் ஒரே இடத்துல கொண்டுபோய்க் கொட்டிட்டு எப்படிம்மா உனக்குத் தூக்கம் வருது?

"... வேண்டாமா? ... ஏன்? ... ஏறும்னு அவன் சொன்னானா! அவன் எதைத்தான் ஏறாதுன்னான்? பரீட்சை எழுதிட்டு வந்து பாஸ்னுதான் சொன்னான், ஞாபகம் இருக்கா?"

சிரித்துவிட்டாள்.

கதவு லேசாகத் திறந்தது. முதலாளி தலையை நீட்டி, முன்பக்கம் கை காட்டினார். கண்ணாடிக்காக ஒரு பெரியவர் காத்திருக்கிறார் என்று அர்த்தம். இதோ ஆயிற்று என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் நம்பாத முகத்தோடு போனார்.

"முப்பது வருஷம் நைட் டியூட்டி பாத்து, கால் வீங்கி வீங்கிச் சேத்த காசும்மா! ... அடுத்த மாச வாடகைக்கு என்ன பண்ணுவே? ... நான் தருவேன், தர மாட்டேன்னா சொன்னேன்? என் சம்பளத்துல எத்தனை காலத்துக்குத் தர முடியும்? ... அப்படிச் சொல்லாதே. பிடிவாதம் பிடிக்கிறதுக்கு ஒரு நேரம்... ... என்ன? ... திரும்பச் சொல்லு. ... எது அதிருது? அவன் போனா?"

அதற்குப் பிறகு அவள் குரல் தணிந்துவிட்டது.

"தினமுமா? ... மார்க்கெட் திறக்கற நேரத்துக்கு. ... ஆமாம்மா, அது இன்னிக்கு என்ன விலைன்னு வர்ற மெசேஜ். கணக்குல பங்கு இருக்கற வரைக்கும் வரும். அவன் அப்படி வெச்சிருக்கான். ... நீ டிராயர் மேல கையை வெச்சுக்கிட்டு... ம்... ம்... ... நாடி மாதிரியா?

"... அம்மா, அது மெஷின். ... தெரியும்மா. நீ எத்தனை பேருக்கு நாடி பாத்தவ, எனக்குத் தெரியாதா? ஆனா இது மெஷின்."

காலையில் அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் அம்மா போனை எடுப்பதே இல்லை. குளிக்கப் போயிருப்பாள் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருஷமாக அம்மா அந்த மேஜை முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உள்ளே அவன் அதிர்வான், பிறகு அடங்குவான், அம்மா போய்ச் சமையலைக் கவனிப்பாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அம்மாவை நினைத்தா, அந்த டிராயரை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"வித்துட்டா நின்னுடும்னு... அதுக்காகவா இத்தனை நாள் பிடி குடுக்கலை? ... அழாதேம்மா. ... அம்மா, அழாதே. ..."

விற்க வேண்டிய எண்ணிக்கையைக் கேட்கும் கட்டம் காலியாகக் காத்துக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"ஒண்ணு பண்ணலாமா? ஒரே ஒரு பங்கை மட்டும் விட்டுடறேன். ... விக்காம, அப்படியே. ... வரும்மா, ஒண்ணு இருந்தாலும் மெசேஜ் வரும். ... சத்தியமா. ... அது விழுந்தாலும் விழட்டும், சல்லிக்காசு தேறாட்டியும் போகுது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். மத்ததை நான் சொன்ன மாதிரி பிரிச்சுப் போட்டுடலாம். ... சரியா? ... தலையை ஆட்டினா எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொல்லு. ... ம்.

"இப்ப அவன் போனுக்கு அந்த நம்பரை அனுப்பறேன். டிராயரைத் திற. ... நீதான்மா திறக்கணும், வேற யாரு இருக்கா அங்க? ... இத்தனை நாள்ல ஒரு தடவைகூடத் திறக்கலையா? ... வயரை மட்டும் இடுக்கு வழியா விட்டிருக்கே. சரி. மெதுவா இழு. ... நான் செஞ்சு குடுத்த கண்ணாடியைப் போட்டுக்கோ. ... லாக் கேக்குதா? உன் பொறந்த வருஷத்தைப் போடு. ... வேற யாரோடதை வெப்பான்? ... அம்மா? ... குரல் விட்டு விட்டு வருது. உன் போன்ல சார்ஜ் இருக்கா? அவனுதுக்கு மட்டும் போட்டுட்டு உன்னுதை அப்படியே... ஹலோ? ... ஹலோ? ஹலோ?"

திரும்ப அழைத்தாள். அம்மாவின் போன் அணைந்திருந்தது. திரையில், அனுப்பிய எண்ணுக்கான நேரம் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது அவள் கையில் போன் அடித்தது.

வாண்டு.

பெயரும், நாக்கைத் துருத்திக்கொண்டு அவன் நிற்கிற படமும். அம்மாதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விரல் நகரவில்லை. முன்பக்கத்திலிருந்து முதலாளி, யார் போன் அது, எடுத்துத் தொலையேன் என்று சத்தம் போட்டார்.

"சொல்லுடா..."

வாயில் தானாக வந்துவிட்டது.

"... அம்மா. ம், நான்தான். ... ஒண்ணுமில்ல. நம்பரைப் படி. ... நாலு... அடுத்தது ஏழா, ஒண்ணா? நல்லாப் பாரு. ... ஏழு. ... ம்... ம்... போட்டுட்டேன். இரு. ... இரும்மா, சுத்துது. ... போயிடுச்சு. வித்தாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி.

"... என்ன? ... காதுலயே அதிர்ந்துச்சா?"

விற்றதற்கு வந்த செய்திதான் அது. மெஷின் என்று இரண்டு தடவை சொன்னவள், மூன்றாவது தடவையும் சொல்லியிருக்கலாம்.

"... ம். ... ஆமாம்மா. ... ஆமா, அவன்தான். ... சரின்னுதான் சொல்றான். ... ம். நீ வை. ... இல்லம்மா, இந்தப் பேரைப் பாத்துக்கிட்டு என்னால கட் பண்ண முடியாது. நீயே வை."

அம்மா உடனே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் லைன் போனது.