சூட்டில் கசியும்

உங்கள் ஸ்டேஷனில் தலைக்கு மேல் சுற்றுகிற இந்த விசிறியில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. கண்டென்சர் தளர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக ஒன்று மாட்டினால் பழைய வேகத்துக்கு வந்துவிடும். மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழுது ஓரிடத்தில் இருக்கும், பழி இன்னோர் இடத்தில் விழும். நான் இங்கே வந்திருப்பதும் அப்படி ஒன்றைச் சரிசெய்யத்தான்.

என் நாத்தனார் இறந்ததைப் பற்றி உங்கள் நிபுணர் எழுதிய அறிக்கையை வக்கீல் எனக்குப் படிக்கக் கொடுத்தார். வடிவமைத்தவரின் அறியாமையே காரணம் என்று அதில் இருக்கிறது. வக்கீலுக்குப் பரம சந்தோஷம். "வாயத் தெறக்காம இருங்கம்மா, மன்னிச்சு விட்டுடுவாங்க" என்றார். அவரிடம் சொல்லாமல்தான் வந்திருக்கிறேன். அறிக்கையில் அந்த ஓர் இடம் தவறு. அதைத் திருத்திவிட்டால் எனக்கு வேறு குறை இல்லை.

எங்கள் பட்டறையில் செய்வது ஒரே ஒரு பொருள். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பார்கள் அல்லவா, கரண்ட் போனாலும் அது நிற்காமல் ஓடுவதற்கான பேட்டரிப் பெட்டி. கரண்ட் இருக்கும்போது அடாப்டர் மெஷினை ஓட்டும். கரண்ட் போனால் பேட்டரி ஓட்டும். இரண்டு வழிகளும் ஒன்றுசேரும் இடத்தில் வழிக்கு ஒரு டயோடு இருக்கும். டயோடு என்றால் ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் மின்சாரம் மெஷினுக்குப் போகாமல், செத்துக் கிடக்கிற அடாப்டருக்குள் பின்னோக்கிப் பாய்ந்துவிடாதபடி அது தடுக்கும்.

சாதாரண டயோடு தன் வழியே போகிற மின்சாரத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அதைச் சூடாக்கி வீணடிக்கும். ஷாட்கி டயோடு அவ்வளவு பிடிக்காது, எளிதில் வழிவிடும். பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். அதனால் நான் ஷாட்கிதான் போட்டேன். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. சூடானால் பின்பக்கம் கசியும். கசிந்தால் மேலும் சூடாகும், சூடானால் மேலும் கசியும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் கதவு உருகி, இருபக்கமும் திறந்தே கிடக்கும். இதில் ரகம் ரகமாக வருகிறது. எவ்வளவு எளிதாக வழிவிடுகிற ரகமோ பெரும்பாலும் அவ்வளவு மோசமாகக் கசியும். எத்தனை வோல்ட் தாங்கும், பக்கத்தில் என்ன சூடாகும், காற்றுப் படுமா என்றெல்லாம் பார்த்து எடுக்க வேண்டும். பார்த்து எடுத்தவள் நான். வழுக்கி விழாமல் ஒவ்வொரு படியாகக் கால்வைத்து நான் கற்றுக்கொண்டது அது.

பெட்டியின் மேல் வடிவமைப்பு என்று போட்டு என் கணவர் பெயர் இருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இனிக்க இனிக்கப் பேசுவார். வாங்க வருகிறவர் வீட்டு நாய்க்குட்டியின் உடம்பு வரைக்கும் விசாரிப்பார். பெட்டிக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதன் சிறப்புகளை ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நான் கண்ணாடிக் கதவு வழியே பார்த்திருக்கிறேன். கேட்டவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் என் மேசை. யாராவது என்னைக் கவனித்து, அது யார் என்று கேட்டால், "நம்ம வீட்டம்மாதான். சும்மா இருந்தா போரடிக்குதாம், சால்டர் பிடிக்கிறா" என்பார். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது. தனியாக இருக்கும்போதுகூடச் சில சமயம் அது முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. முடிந்த பெட்டியை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கூடவே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு மூடிவிடுவேன். உள்ளே நன்றாகக் கொதித்த பிறகு கரண்டைப் பிடுங்குவேன். ஷாட்கியின் யோக்கியதை அந்தச் சூட்டில்தான் தெரியும். என் கணவருக்கு அதைப் பார்த்தாலே வேடிக்கை. வேலையாட்கள் முன்னால், "என்ன, குஞ்சு பொரிச்சிடுச்சா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் வந்து பார்த்தால் அட்டைப்பெட்டி இல்லை.

"எடுத்துப் போடச் சொல்லிட்டேன். இடத்த அடைக்குது" என்றார். "ஏசி ரூம்ல ஓட்டிப் பாத்தாச்சு, நல்லாத்தான் ஓடுது. ஓடுற பெட்டிய எதுக்கு வேக வெக்கணும்?"

"நோயாளி வீடு ஏசி ரூம் மாதிரி இருக்காதுங்க."

"உன்ன நம்பி விட்டா ஒரு பெட்டிகூட வாசலத் தாண்டாது. பயந்தாங்கொள்ளி."

வாதாடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பாடம் சொல்லி ஏறாத இடத்தில் நடந்து காட்டினால் ஏறும் என்று நினைத்தேன். ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு வீட்டில், சூட்டில் நின்றுபோனால் போதும். அவர் அதைத் திறந்து பார்ப்பார். பார்த்தால் ஒன்றும் புரியாது. புரியாவிட்டால் என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும். அவர் கேட்பதும், நான் நிதானமாக விளக்குவதும் மனதுக்குள் எத்தனையோ முறை ஓடியிருக்கிறது. அந்த நினைப்பில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் உட்கார்ந்திருப்பேன்.

எந்த வீடு என்பதை யோசிக்கத்தான் நேரம் எடுத்தது. வெளியாள் வீட்டில் நின்றால் வாங்கினவரைக் குறைசொல்லிவிட்டு வந்துவிடுவார். தண்ணீர் பட்டிருக்கும், எலி கடித்திருக்கும் என்பார், அவர்களும் ஆமாம் என்பார்கள். அவர் மழுப்ப முடியாத வீடு ஒன்றுதான் இருந்தது.

அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நுரையீரல் கெட்டு, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த வீட்டில், மெஷினும் கட்டிலுமாக இருந்தார். வெயில் காலத்தில் அந்த அறைச் சுவரில் கைவைக்க முடியாது. என்மேல் அவருக்குப் பிரியம். நான் போனால் கட்டிலில் தட்டிப் பக்கத்தில் உட்காரச் சொல்வார்.

"ஏம்மா, இந்தப் பெட்டிய நீதானே செஞ்ச?" என்று ஒருமுறை கேட்டார். "என்கிட்டயே கதை விடுறான் அவன். ரேடியோவுக்கு பேட்டரி மாத்தத் தெரியாம அழுத பய. உனக்குத்தான் எல்லாம் தெரியும், எனக்கு அது தெரியாதா?"

அதைச் சொல்லும்போது வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். சற்று நேரத்தில் தம்பி உள்ளே வந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் கைராசி, இவன் செஞ்ச பெட்டியாலதான் நான் மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். என்னைப் பார்த்து ஒரு கண்ணை இலேசாகச் சிமிட்டினார். நானும் சிரித்தேன். அதில் எனக்கு மனவருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் கண்சிமிட்டல் எப்படி இருந்தது என்பதை இன்றும் என்னால் அப்படியே சொல்ல முடிகிறது என்றால், அது எனக்கு நுணுக்கமாகக் கவனிக்கிற கண் இருப்பதால்தான்.

அண்ணிக்குப் புதுப் பெட்டி ஒன்று அனுப்ப வேண்டியிருந்தது. என் கணவரே அதை ஏசி அறையில் ஓட்டிப் பார்த்தார். தம் கையாலேயே முத்திரை ஒட்டினார். உதிரிப்பாகம் விற்க வருகிறவர் மாதிரிக்கு என்று சில டயோடுகளை விட்டுப்போயிருந்தார். மிக எளிதாக வழிவிடும் ரகம், பேட்டரியின் வோல்ட்டைத் தட்டுத்தடுமாறித்தான் தாங்கும். வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். உங்கள் நிபுணர் பெட்டிக்குள் பார்த்தது அதைத்தான்.

அது தானாக அங்கே போகவில்லை. முத்திரையை ஆவியில் காட்டி உரித்து, அடாப்டர் பக்கத்து டயோடைக் கழற்றி, அந்த மாதிரியைப் போட்டேன். டயோடின் சூட்டை வாங்கிக்கொள்கிற அலுமினியத் தகட்டையும் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்து டயோடு நாள் முழுக்க மின்சாரத்தைச் சுமந்து ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கும். கரண்ட் போகிற கணத்தில் பேட்டரி அதைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கும். குளிர்ந்த அறையென்றால் சமாளித்துக்கொள்ளும். அண்ணியின் அறையில் சமாளிக்காது. இதே மாதிரி இன்னொன்றை எங்கள் சமையலறையில் பல்பு வைத்துச் சூடேற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முத்திரையைத் திரும்ப ஒட்டினேன். அறிக்கையில் 'சால்டர் வேலை மிக நேர்த்தி' என்று ஒரு வரி வருகிறது. அந்த வரிக்கு நன்றி.

பெட்டியைக் கொண்டுபோய் மாட்டியதும் நான்தான். அண்ணி எனக்குத் தேநீர் போடச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வெயில் ஏறிய ஒரு பிற்பகலில் கரண்ட் போனது. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பெண் மருந்து வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அண்ணி இல்லை.

நான் எதிர்பார்த்தது என் கணவர் பெட்டியைத் திறப்பார் என்று. அவர் அதைத் தொடவே இல்லை. நீங்கள் வந்து கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "எல்லாம் அவதாங்க செய்வா. மொத்தமும் அவதான். எனக்கு அதுல ஒரு ஒயரும் தெரியாதுங்க" என்றார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். கல்யாணமான புதிதிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. ஒரு சொல்கூடக் கூட்டிக் குறைக்காமல் அப்படியே சொன்னார். கேட்டபோது எனக்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன். வாயில் கசப்புதான் ஊறியது.

அதன்பிறகு உங்கள் நிபுணர் எழுதினார். முறையாகப் படிக்காத இல்லத்தரசி ஒருவர், ஷாட்கி டயோடு சூட்டில் கசியும் என்ற அடிப்படையை அறியாமல், கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார் என்று. இத்தனை நாள் என் கணவர் எல்லாம் தன்னுடையது என்றார், நான் பொறுத்துக்கொண்டேன். உங்கள் நிபுணர், இவளுக்கு ஒன்றுமே தெரியாது என்கிறார். அதைப் பொறுத்துக்கொண்டு வெளியே நடமாடுவதைவிட உள்ளே இருக்கலாம்.

எனக்குத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி கேட்பீர்கள். நீங்கள் இதுவரை கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு அண்ணி எனக்குப் போன் செய்தார். தம்பிக்குச் செய்யவில்லை, எனக்குத்தான்.

"ஏம்மா, கரண்ட் போயிடுச்சு. பெட்டி கூவுது."

"எப்படிக் கூவுது அண்ணி? விட்டு விட்டா, ஒரேயடியாவா?"

"விட்டு விட்டு. மெஷினும் என்னமோ சுரத்தில்லாம ஓடுது."

"பெட்டியத் தொட்டுப் பாருங்க."

"அம்மாடி. இஸ்திரிப் பெட்டியாட்டம் கொதிக்குது."

நான் கணக்குப் போட்டிருந்ததைவிடச் சற்று முன்னதாகவே டயோடு என்கிற அந்தக் கதவு போய்விட்டது. அறையின் சூட்டை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். இதில் என் பிழை என்று ஒன்று உண்டென்றால் இதுதான், மறைக்கவில்லை. பேட்டரி மெஷினை விட்டுவிட்டுப் பின்பக்கமாக அடாப்டருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"சிலிண்டரத் தொறந்துக்கவா?" என்று கேட்டார். "எட்டுற தூரத்துலதான் இருக்கு. எழுந்தா ஆச்சு."

கரண்ட் போய், பெட்டியும் கைவிட்டால் பிடித்துக்கொள்ளட்டும் என்று அண்ணி வீட்டில் வாங்கி வைத்திருந்த சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் அது. அண்ணிக்கு அதைத் திறக்கத் தெரியும். சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"வேணாம் அண்ணி, எழுந்திருக்காதீங்க. வீணா மூச்சு வாங்கும். வெயிலுக்கு அது அப்படித்தான் கூவும். பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு பாருங்க, அத அழுத்துங்க, அடங்கிடும். கண்ண மூடிப் படுங்க. நான் கிளம்பி வரேன்."

பெட்டியின் எச்சரிக்கைக் கூவல் நின்றது போனிலேயே கேட்டது.

"நீ சொன்னா சரி" என்றார். "வேற யாரக் கேக்குறது?"

நான் கிளம்பினேன். சொன்ன சொல்லை மீறவில்லை. நடந்தே போனேன். வழியில் ஒரு நிழலில் சற்று நின்றேன், நல்ல வெயில்.

அந்தப் பொத்தானை யார் அழுத்தியது என்று அறிக்கையில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதற்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. கொலை என்று எழுதுங்கள், எனக்கு மறுப்பு இல்லை. அறியாமை என்று மட்டும் எழுத வேண்டாம். அண்ணி இன்றைக்கு இருந்திருந்தால், இவளுக்கு எல்லாம் தெரியும் என்று உங்கள் எல்லோர் முன்னாலும் அவரே சொல்லியிருப்பார்.