ஒரு விரலில் திரும்பும் ஸ்டீரிங்

அல்சூர் பஸ் ஸ்டாப்பில் என் முன்னால் நின்ற டிரைவர், பக்கத்திலிருந்த மெக்கானிக்கிடம் கையை நீட்டிக் காட்டினார்.

“இந்தக் கையில பலம் போயிடுச்சுன்னு சொல்லித்தான் மொதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தினாரு. ஸ்டீரிங் கனமா இருக்குன்னு ஆறு மாசமா கத்தினேன்.”

“நேத்துதாண்ணே வண்டி எங்கிட்ட வந்துச்சு. ஜாக்கி வச்சு முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்பிப் பாத்தேன், அப்பவும் ஸ்டீரிங் கனம்தான். வெள்ளைக்காரன் வித்துட்டுப் போன ஸ்போர்ட்ஸ் காருன்னு உங்க மொதலாளி பளபளன்னு பெயிண்ட் அடிச்சாரே, கிரீஸ் போற ஓட்டையெல்லாம் அதுலயே அடைஞ்சு கெடக்கு. சுரண்டி கிரீஸ் ஏத்தினேன். இப்ப ஒரு விரல்ல திரும்புது.”

“தெரியும். காலையில ஆள் அனுப்பினாரு.”

“திரும்ப வேலைக்கா?”

“ஸ்டீரிங் லேசாயிடுச்சாம், இனிமே அவரே ஓட்டிக்குவாராம். வண்டி கழுவறதுக்கு மட்டும் வரச் சொன்னாரு.”