சூடான சோறு

சுன்னாகத்தில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

"சோத்தாலை என்ரை மகளின்ரை வதிவிட விசா நிண்டுபோச்சு" என்றாள் ஒருத்தி.

"என்னப்பா சொல்லுறீர்?"

"பிரான்சிலை விசாக் கந்தோரிலை மகளையும் மருமகனையும் தனித்தனியா விசாரிச்சவை, உண்மையான புருசன் பெண்சாதியோ எண்டு. ஒண்டாச் சாப்பிடுறனீங்களோ எண்டு கேட்க, இல்லை, தான் சாப்பிட்டு எழும்பினாப் பிறகுதான் அவள் சாப்பிடுறவள் எண்டு மருமகன் உள்ளதைச் சொல்லிப்போட்டார்."

"மகள்?"

"வெள்ளைக்காரர் அவரைக் குறைவா நினைப்பினம் எண்டு, ஓம், ஒண்டாத்தான் எண்டிட்டாள்."



"இப்ப?"

"திரும்பக் கூப்பிடுவினமாம். அதுக்காக ரெண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிட்டுப் பழகினம்."

"விசா கிடைச்சாலும் உந்தப் பழக்கத்தை விடவேண்டாமெண்டு சொல்லும்."

"அவள் விடமாட்டாள். கலியாணம் கட்டினதுக்குப் பிறகு இப்பத்தானாம் சோறு சூடாச் சாப்பிடுறாள்."